ஆர்கான் சண்டித்தனம் செய்யும்போது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

விளையாட்டு சர்வரின் கன்சோல் முன்னால் உட்காராமல், நாம் எழுதிய நிரலிலிருந்தே அதற்குக் கட்டளை அனுப்ப உதவுவது ஆர்கான் (RCON, 'ரிமோட் கன்சோல்' என்பதன் சுருக்கம்). மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, டீம் ஃபோர்ட்ரஸ் 2 போன்ற சோர்ஸ் எஞ்சின் விளையாட்டுகள், ஃபேக்டோரியோ ஆகியவை ஏறத்தாழ ஒரே நெறிமுறையைப் பேசுவதால், பைத்தானிலோ நோட் ஜேஎஸ்ஸிலோ ஒரு சிறிய லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு) நிறுவிப் பத்து வரி எழுதினால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். முதல் நாள் முடிந்தும்விடும். நண்பர்களுக்காக இரண்டு மைன்கிராஃப்ட் சர்வர்களையும் ஒரு டீம் ஃபோர்ட்ரஸ் சர்வரையும் டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் ஓடும் பாட் (தானியங்கி நிரல்) வழியாக நடத்திவரும் எனக்கு, அதே சில கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்ததில் கைப்பாடமானதே கீழுள்ள வழிமுறை. உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலிலும், சிரமமானது கடைசியிலும் இருக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சர்வர் கடவுச்சொல்லை ஏற்கும் வரை வரும் பிழைக்கு அநேகமாக சர்வரின் அமைப்போ நெட்வொர்க்கோதான் காரணம். ஏற்றுக்கொண்ட பிறகு வரும் பிழைக்கு அநேகமாக நம் நிரலோ லைப்ரரியோ காரணம். இந்தப் பிரிப்பு தெரியாமல், ஃபயர்வால் அடைத்துவைத்த போர்ட்டுக்காக (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) ஒரே இரவில் மூன்று லைப்ரரிகளை மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 1: இணைக்க முயன்ற மறுகணமே 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு'

மறுப்பு உடனே வந்தால் கணினி எட்டுகிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு ஆளில்லை என்று பொருள். எனவே ஆர்கான் தொடங்கியிருக்கிறதா, எந்த முகவரியில் கேட்கிறது என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

### மைன்கிராஃப்ட் சர்வர் என்றால்

'சர்வர் டாட் ப்ராப்பர்ட்டீஸ்' கோப்பைத் திறந்து 'எனேபிள்-ஆர்கான்' வரியைப் பாருங்கள். தொடக்கத்தில் அது 'ஃபால்ஸ்' என்றே இருக்கும். அதை 'ட்ரூ' என்று மாற்றியும் பயனில்லை என்றால், 'ஆர்கான் டாட் பாஸ்வேர்டு' வரி வெறுமையாக இருக்கக்கூடும். கடவுச்சொல் இல்லாவிட்டால் சர்வர் ஆர்கானைத் தொடங்காமல், அதைப் பதிவுக் கோப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். மாற்றம் செய்த பிறகு சர்வரை முழுவதுமாக நிறுத்தித் தொடங்க வேண்டும். 'ரீலோடு' கட்டளை இந்தக் கோப்பைத் திரும்பப் படிப்பதில்லை. சரியாகத் தொடங்கியிருந்தால் 'ஆர்கான் ரன்னிங் ஆன்' என்ற வரியும் அதையடுத்து 0.0.0.0:25575 என்ற முகவரியும் பதிவில் காணப்படும். அந்த வரி பதிவில் இல்லாதவரை நிரலைத் தொடவே வேண்டாம்.

விளையாடுவதற்கான போர்ட் 25565, ஆர்கானுக்கானது 25575. ஒற்றை இலக்கம்தான் வேறுபாடு என்பதால் கண் எளிதில் ஏமாறும். தவறுதலாக 25565-க்கு இணைத்தால் மறுப்பு வராது. இணைந்துவிட்டுப் பதில் ஏதும் வராமல் போய்விடும்.

### சோர்ஸ் சர்வர் என்றால்

இங்கே ஆர்கானுக்குத் தனிப் போர்ட் கிடையாது. விளையாட்டு யுடிபி 27015-இல் நடக்க, ஆர்கான் அதே எண்ணில் டிசிபி வழியாகக் கேட்கிறது (யுடிபி, டிசிபி இரண்டும் நெட்வொர்க்கில் தரவு அனுப்பும் வெவ்வேறு முறைகள்). சர்வரின் கன்சோலில் 'ஆர்கான் அண்டர்ஸ்கோர் பாஸ்வேர்டு' என்ற மாறியின் பெயரை மட்டும் தட்டிப் பாருங்கள். மதிப்பு வெறுமையாக இருந்தால் உங்கள் 'சர்வர் டாட் சிஎஃப்ஜி' படிக்கப்படவே இல்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக் குளோபல் ஆஃபென்சிவ் சர்வரை ஓட்டுபவர்கள், தொடக்கக் கட்டளையில் 'யூசர்கான்' விருப்பம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து இணைகிறது, ஆனால் அதே கணினியிலிருந்து 127.0.0.1-க்கு (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) இணைத்தால் மறுக்கிறது என்றால், சர்வர் ஒரு குறிப்பிட்ட முகவரியில் மட்டும் காதைத் திறந்துவைத்திருக்கிறது. இதற்கு நேர்மாறான சிக்கலை டெபியன், உபுண்டு கணினிகளில் பார்க்கலாம்: 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் கணினியின் பெயர் 127.0.1.1 என்று எழுதப்பட்டிருப்பதால், சர்வர் அந்த முகவரியில் அமர்ந்துகொண்டு வெளியுலகுக்குப் பதில் சொல்லாது. தொடக்கக் கட்டளையில் 'ஐபி' விருப்பத்துக்கு 0.0.0.0 (எல்லா முகவரிகளிலும் கேள் என்று பொருள்) என்று கொடுத்தால் இரண்டும் தீரும். எந்த முகவரியில் கேட்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. லினக்ஸில் 'எஸ்எஸ்' கட்டளையை எல், டி, என், பி ஆகிய விருப்பங்களுடன் ஓட்டினால் முகவரி, போர்ட், நிரலின் பெயர் மூன்றும் ஒரே வரியில் தெரியும்.

### சர்வரோ நிரலோ டாக்கருக்குள் இருந்தால்

டாக்கர் என்பது ஒவ்வொரு நிரலையும் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் மென்பொருள். கன்டெய்னருக்குள் ஓடும் பாட்டுக்கு 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். பக்கத்து கன்டெய்னரில் உள்ள சர்வரை அது குறிக்காது. இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வைத்து, சர்வர் கன்டெய்னரின் சேவைப் பெயரையே முகவரியாகக் கொடுப்பது எளிய வழி. இதில் ஆர்கான் போர்ட்டை வெளியே திறக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது.

### வாடகைக்கு எடுத்த சர்வர் என்றால்

கட்டுப்பாட்டுப் பலகை வழியாக விற்கப்படும் சர்வர்களில் நாம் விரும்பும் போர்ட் எண் கிடைக்காது. பலகை ஒதுக்கிய எண்களில் ஒன்றை ஆர்கானுக்கு எழுத வேண்டும், கூடுதல் எண்ணைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியதாகவும் இருக்கும். ஒதுக்கிய எண்ணை எழுதி, மறுதொடக்கம் செய்து, பதிவில் ஆர்கான் தொடங்கியதாக வரியும் வந்து, அதற்குப் பிறகும் மறுப்பு வந்தால் உங்கள் வேலை முடிந்தது. பதிவின் அந்த வரி, இணைக்க முயன்ற நேரம், உங்கள் ஐபி முகவரி ஆகிய மூன்றையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். 'ஆர்கான் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், 'மறுதொடக்கம் செய்து பாருங்கள்' என்ற பதில்தான் வரும்.

## அறிகுறி 2: நெடுநேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்'

மறுப்புகூட வராமல் நிற்பது, வழியில் யாரோ பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலம்) சத்தமில்லாமல் கீழே போடுகிறார்கள் என்பதன் அடையாளம். அது பெரும்பாலும் ஃபயர்வால்.

முதல் சோதனையை சர்வர் ஓடும் கணினியிலேயே செய்யுங்கள். எஸ்எஸ்எச் (தொலைக் கணினிக்குள் குறியாக்கத்துடன் நுழையும் வழி) வழியாக உள்ளே சென்று, நெட்கேட் கொண்டு அந்தப் போர்ட்டைத் தட்டினால் உடனே திறக்கிறது, வெளியிலிருந்து தட்டினால் நிற்கிறது என்றால் சர்வரைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. விண்டோஸில் நெட்கேட்டுக்குப் பதிலாக பவர்ஷெல்லின் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' போதும்.

அடுத்து, போர்ட்டை யுடிபிக்கு மட்டும் திறந்துவிட்டு மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சோர்ஸ் சர்வர்களில் நான் கண்ட காலாவதிப் ('டைம்டு அவுட்') பிழைகளில் பெரும்பான்மை இதுவே: எல்லோரும் விளையாடிக்கொண்டிருப்பார்கள், சர்வர் பட்டியலில் பெயர் தெரியும், ஆர்கான் மட்டும் வராது. மேகக் கணினி என்றால் வாசல் இரண்டு உண்டு: நிறுவனத்தின் தளத்தில் உள்ள பாதுகாப்பு விதி ஒன்று, இயங்குதளத்துக்குள் இருக்கும் ஃபயர்வால் மற்றொன்று. ஒன்றைத் திறந்து மற்றொன்றை விட்டுவிடுவது சகஜம்.

வீட்டில் ஓடும் சர்வர் என்றால், வீட்டுக்குள்ளிருந்தே உங்கள் பொது ஐபி முகவரிக்கு இணைத்துச் சோதிக்க வேண்டாம். பல ரவுட்டர்கள் அப்படி வெளியே போய் உள்ளே திரும்பும் பயணத்தை அனுமதிப்பதில்லை. கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து சோதியுங்கள். அதிலும் நின்றால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காணும் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். போர்ட் ஃபார்வர்டிங்கில் எத்தனை மணி நேரம் செலவிட்டாலும் அங்கே வழி திறக்காது. தனிப் பொது முகவரி தருமாறு நிறுவனத்தை அழைத்துக் கேட்பதோ, மாதக் கட்டணத்தில் ஒரு மேகக் கணினி எடுப்பதோதான் மிச்சம்.

உண்மையில், ஆர்கான் போர்ட்டை இணையத்துக்குத் திறப்பதையே நான் இப்போது விட்டுவிட்டேன். இந்த நெறிமுறையில் குறியாக்கம் கிடையாது. கடவுச்சொல் அப்படியே வெற்றெழுத்தில் போகிறது. நிரல் வேறு கணினியில் ஓடினால், அங்கிருந்து சர்வர் கணினிக்கு எஸ்எஸ்எச் சுரங்கம் அமைத்து, உங்கள் பக்கத்து 25575-ஐ அந்தப் பக்கத்து 25575-உடன் இணைத்துவிட்டு, லைப்ரரிக்கு 127.0.0.1 என்று கொடுங்கள். ஆர்கானுக்காக ஃபயர்வாலில் எதையும் திறக்க வேண்டியதில்லை.

## அறிகுறி 3: இணைகிறது, ஆனால் கடவுச்சொல் தவறு என்கிறது

சர்வர் கடவுச்சொல்லை மறுக்கும்போது பதில் பாக்கெட்டின் அடையாள எண் (கேள்வியையும் பதிலையும் பொருத்தும் எண்) மைனஸ் 1 ஆக வரும். லைப்ரரியின் பிழைச் செய்தி எப்படி எழுதப்பட்டிருந்தாலும், பிழைத்திருத்தப் பதிவில் அந்த மைனஸ் 1 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சர்வர் உண்மையாகவே மறுத்திருக்கிறது.

### மைனஸ் 1 வந்தால்

கடவுச்சொல்லைக் கண்ணால் ஒப்பிடுவது போதாது. ஜாவாவின் 'ப்ராப்பர்ட்டீஸ்' கோப்பில் மதிப்புக்கு முன்னால் உள்ள இடைவெளி நீக்கப்படும், பின்னால் உள்ள இடைவெளி நீக்கப்படாது. ஆகவே ஒட்டும்போது வரிக்கடைசியில் சேர்ந்த ஓர் இடைவெளி, கடவுச்சொல்லின் பகுதியாகிவிடும். எடிட்டரில் வரியின் கடைசிக்குச் சென்று கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதே கோப்பில் பின்சாய்கோடு தனிப்பொருள் கொண்ட குறி; சோர்ஸ் சர்வரின் கோப்பில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதெல்லாம் குறிப்புரை; டாக்கர் கம்போஸ் கோப்பில் டாலர் குறி மாறியாகப் படிக்கப்படும். இவை ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து தேடுவதைவிட, ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்ட முப்பது எழுத்துக் கடவுச்சொல்லை உருவாக்கிக்கொள்வது நல்லது.

### நேற்று வரை ஏற்ற கடவுச்சொல் இன்று ஏற்கப்படவில்லை, அல்லது இணைந்த உடனே துண்டிக்கிறது

சோர்ஸ் சர்வர் என்றால் உங்கள் முகவரி தடை செய்யப்பட்டிருக்கலாம். பழைய கடவுச்சொல்லுடன் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரல், நீங்கள் சர்வரில் கடவுச்சொல்லை மாற்றியது தெரியாமல் சில நொடிகளுக்கு ஒருமுறை கதவைத் தட்டியிருக்கும். இயல்பு அமைப்பில் அரை நிமிடத்துக்குள் ஐந்து தோல்விகளோ, மொத்தமாகப் பத்து தோல்விகளோ நேர்ந்தால் தடை விழும். தடையின் நிமிட அளவு 0 என்று இருந்தால் அது நிரந்தரத் தடை. சர்வர் கன்சோலில் 'லிஸ்ட்ஐபி' கொடுத்துப் பார்த்து, 'ரிமூவ்ஐபி' கொடுத்து நீக்குங்கள். உங்கள் நிரலின் முகவரியை ஆர்கான் வெள்ளைப்பட்டியல் மாறியில் எழுதிவைத்தால் இது திரும்ப நேராது. நிரலிலும், மறுமுயற்சிகளுக்கு இடையே காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிக்குமாறு எழுதிவையுங்கள்.

### மைனஸ் 1 வரவில்லை, ஆனாலும் லைப்ரரி தோல்வி என்கிறது

முதன்முறையாக லைப்ரரியைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. நுழைவுக் கோரிக்கைக்கு சோர்ஸ் சர்வர் இரண்டு பாக்கெட்டுகள் அனுப்பும்: முதலில் வகை 0 (ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதன் வகையைச் சொல்லும் எண் உண்டு) கொண்ட வெற்றுப் பாக்கெட், அடுத்து வகை 2 கொண்ட உண்மையான விடை. மைன்கிராஃப்ட் இரண்டாவதை மட்டும் அனுப்பும். மைன்கிராஃப்டுக்காகவே எழுதப்பட்ட லைப்ரரியை சோர்ஸ் சர்வரில் பயன்படுத்தினால், வெற்றுப் பாக்கெட்டை விடையாக எடுத்துக்கொண்டு குழம்பும். வகை 2 வரும் வரை படித்துக்கொண்டே போகும் லைப்ரரிக்கு மாறுங்கள்.

## அறிகுறி 4: எந்தப் பிழையும் இல்லை, எந்தப் பதிலும் இல்லை

ஆர்கான் என்ற ஒரே பெயரில் வேறு வேறு நெறிமுறைகள் உலவுகின்றன. ரஸ்ட் விளையாட்டின் சர்வர் வெப்சாக்கெட் வழியாகப் பேசும். வழக்கமான போர்ட் 28016. கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 காலத்து கோல்டுசோர்ஸ் சர்வர்கள் யுடிபி வழியாக, முதலில் ஓர் எண்ணைக் கேட்டு வாங்கி, பிறகே கட்டளை ஏற்கும். ஆர்மாவும் டேஇசட்டும் பயன்படுத்தும் பேட்டில்ஐ ஆர்கானும் யுடிபிதான். 45 நொடிக்குள் ஒரு பாக்கெட்டாவது அனுப்பாவிட்டால் நம்மை வெளியேற்றிவிடும். சோர்ஸ் ஆர்கான் லைப்ரரி இவற்றில் எதனுடனும் பேசாது. லைப்ரரியின் விளக்கப் பக்கத்தில் விளையாட்டின் பெயர் இல்லாவிட்டால், திருத்த முயலாமல் வேறு லைப்ரரி தேடுங்கள்.

## அறிகுறி 5: கட்டளை நிறைவேறுகிறது, பதில் மட்டும் வெறுமை

பல நேரங்களில் இது பிழையே கிடையாது. மைன்கிராஃப்டின் 'சே' கட்டளை ஆர்கானுக்கு எதையும் திருப்பிச் சொல்வதில்லை. 'லிஸ்ட்' கொடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற வரி வந்தால் இணைப்பு நலம். பிளக்இன் கட்டளைகளில் சில, வேலையைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு விடை சொல்பவை. அந்த விடை வருவதற்குள் ஆர்கானுக்கான பதில் மூடப்பட்டுவிடும். அதை நம் பக்கமிருந்து சரிசெய்ய இயலாது, பதிவுக் கோப்பைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

ஃபேக்டோரியோவில் இரண்டு பொறிகள் உண்டு. ஒரு சேமிப்பில் லுவா கட்டளையை முதன்முறை அனுப்பும்போது, சாதனைகள் முடக்கப்படும் என்று எச்சரித்துவிட்டு அதைச் செய்யாமல் விட்டுவிடும்; அதே கட்டளையை மறுபடி அனுப்ப வேண்டும். பிறகு, 'கேம் டாட் பிரிண்ட்' என்று எழுதினால் விடை விளையாடுபவர்களின் திரைக்குப் போகும்; நம் நிரலுக்கு வர வேண்டுமென்றால் 'ஆர்கான் டாட் பிரிண்ட்' என்று எழுத வேண்டும்.

## அறிகுறி 6: நீளமான பதில் பாதியில் அறுந்து வருகிறது

பதில் 4096 பைட் அளவைத் தாண்டினால் சர்வர் அதைத் துண்டுகளாக்கி அனுப்பும். எளிய லைப்ரரிகள் முதல் துண்டைப் படித்ததும் நிறுத்திவிடும். தடைப்பட்டியல், சோர்ஸின் 'சிவார்லிஸ்ட்' போன்ற நீண்ட விடைகளில் இது வெளிப்படும். கட்டளையையே சுருக்கிக் கேட்க முடியுமானால் அதுவே மலிவான மருந்து.

முடியாவிட்டால், கடைசித் துண்டு எது என்று அறியும் உத்தி தேவை. சோர்ஸ் சர்வரில், கட்டளையை அனுப்பியவுடன் வேறு அடையாள எண்ணில் வகை 0 கொண்ட வெற்றுப் பாக்கெட் ஒன்றை அனுப்புங்கள். சர்வர் வரிசைப்படியே விடை சொல்வதால், அந்த எண் திரும்பி வந்தால் முந்தைய விடை முழுவதும் வந்துவிட்டது என்று பொருள்.

அதே உத்தியை அப்படியே மைன்கிராஃப்டில் செய்தால் இணைப்பு அறுந்துவிடும். வனிலா (மாற்றம் எதுவும் செய்யாத மூல) சர்வர் ஒரு தடவை படித்ததில் கிடைத்தது துல்லியமாக ஒரே பாக்கெட் என்று எண்ணிக்கொள்கிறது. இரண்டு பாக்கெட்டுகள் ஒட்டி வந்தால் நீளக் கணக்கு பொருந்தாமல் கதவைச் சாத்திவிடும். முதல் துண்டு வந்து சேரும் வரை காத்திருந்து, அது முழு அளவில் இருந்தால் மட்டும், சர்வருக்குத் தெரியாத ஒரு வகை எண்ணுடன், எடுத்துக்காட்டாக 200 என்று, குறிப்பான் பாக்கெட்டை அனுப்புங்கள். 'அன்நோன் ரிக்வெஸ்ட்' என்ற விடை வந்தால் அதற்கு முன் வந்தவை அனைத்தும் உங்கள் பதில். சொந்தமாக எழுதிய நிரலில் தலைப்பகுதியையும் உடலையும் தனித்தனியாக அனுப்பியிருந்தாலும் இதே காரணத்தால் எப்போதாவது அறுந்துபோகும். பாக்கெட்டை முழுதாகக் கட்டி ஒரே தடவையில் அனுப்ப வேண்டும்.

## அறிகுறி 7: ஒரு கேள்விக்கு வேறொரு கேள்வியின் பதில் வருகிறது

எனக்கு அதிக நேரத்தை விழுங்கிய கோளாறு இது. ஒரு நாள் மாலை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் பாட்டிடம் கேட்க, அது 'சேவ்டு த கேம்' என்று பதில் சொன்னது. அவர் மறுபடி கேட்டதும் பெயர்ப்பட்டியல் வந்தது. மூன்றாவதாக நேரத்தைக் கேட்டால் மறுபடியும் பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பதிலும் ஒரு படி பின்தங்கி வந்துகொண்டிருந்தது. பாட்டை மறுதொடக்கம் செய்தால் சில மணி நேரம் ஒழுங்காக இருக்கும்.

இந்த அறிகுறி எங்கே கண்டாலும் பொருள் ஒன்றுதான்: யாரும் படிக்காத ஒரு பாக்கெட் இணைப்புக்குள் தேங்கி நிற்கிறது. அது எப்படித் தேங்கியது என்பதற்குத்தான் பல வழிகள்.

### நுழைந்த முதல் கட்டளையிலிருந்தே பின்தங்கினால்

மூன்றாம் அறிகுறியில் சொன்ன சோர்ஸின் வெற்றுப் பாக்கெட்டை லைப்ரரி படிக்காமல் விட்டிருக்கிறது.

### நீண்ட பதிலுக்குப் பிறகு பின்தங்கினால்

இரண்டாம் துண்டு தேங்கியிருக்கிறது. குறிப்பான் பாக்கெட் உத்தியைப் பயன்படுத்தியும் பின்தங்கினால், சோர்ஸ் சர்வர் அந்தக் குறிப்பானை எதிரொலித்த பிறகு கூடுதலாக ஒரு சிறு பாக்கெட்டையும் அனுப்பும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்; அதையும் படித்துத் தள்ளிவிட வேண்டும்.

### காலாவதிப் பிழைக்குப் பிறகு பின்தங்கினால்

என் பாட்டுக்கு நேர்ந்தது இதுதான். நள்ளிரவுக் காப்புப்பிரதிக்காக 'சேவ்-ஆல் ஃப்ளஷ்' அனுப்பியிருந்தேன். உலகம் பெரிதாகிவிட்டதால் அது முடிய ஏழெட்டு நொடி ஆகியது. என் லைப்ரரியின் பொறுமை ஐந்து நொடி. நிரல் பிழையை விழுங்கிவிட்டு அதே இணைப்பைத் தொடர்ந்து பயன்படுத்த, தாமதமாக வந்த விடை அடுத்த கேள்விக்காக உள்ளேயே காத்திருந்தது. காலாவதி நேர்ந்தால் அந்த இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பது மட்டுமே பாதுகாப்பு.

### நேரமோ ஒழுங்கோ இல்லாமல் கலந்து வந்தால்

இரண்டு திரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே இணைப்பைப் பகிர்கின்றன. அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் எண்ணிக்கை கேட்கும் பின்னணி வேலை ஒன்று, பயனர் கட்டளையை அனுப்பும் வேலை மற்றொன்று. இருவரும் ஒரே குழாயில் படிப்பதால் ஒருவர் விடையை மற்றவர் எடுத்துக்கொள்கிறார். அனுப்புவதையும் படிப்பதையும் சேர்த்து ஒரே பூட்டுக்குள் வையுங்கள், அல்லது எல்லாக் கட்டளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்.

காரணம் எதுவானாலும் ஒரு காவல் போட்டுவையுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் புதிய அடையாள எண் கொடுத்து, வந்த விடையின் எண் பொருந்தாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் படியுங்கள். எல்லாக் கட்டளைக்கும் ஒரே எண்ணை அனுப்பும் லைப்ரரிகள் உண்டு; மூலநிரலைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்டதை நான் பயன்படுத்துவதில்லை.

## அறிகுறி 8: ஆங்கிலக் கட்டளை போகிறது, தமிழில் அறிவித்தால் அறுந்துவிடுகிறது

நீளத்தை எழுத்துக் கணக்கில் எண்ணியிருக்கிறீர்கள். நெறிமுறை பைட் கணக்கில் எதிர்பார்க்கிறது. 'வணக்கம்' என்ற சொல் யுனிக்கோடில் ஏழு குறிகள். யுடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் என்பதால் மொத்தம் 21. முன்னால் 'சே' கட்டளைக்கும் இடைவெளிக்குமாக ஆங்கிலத்தில் நான்கு பைட்டுகள் சேர்ந்து உடல் 25 ஆகிறது. அடையாள எண்ணுக்கு 4, வகைக்கு 4, கடைசியில் இரண்டு வெற்று பைட்டுகள் ஆக, நீளப் புலத்தில் 35 என்று எழுத வேண்டும். எழுத்து எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்ட நிரல் 21 என்று எழுதும்; மைன்கிராஃப்ட் சர்வர் பொருந்தாத நீளத்தைக் கண்டு இணைப்பை மூடிவிடும். முதலில் பைட்டுகளாக மாற்றி, பிறகு நீளம் எடுங்கள்.

மைன்கிராஃப்டுக்கு அனுப்பும் கட்டளையின் உச்ச அளவு 1446 பைட்டுகள். தமிழில் அது 482 குறிகள்தான். அதிலும் நாம் ஓர் எழுத்தாக எண்ணும் 'கொ' இரண்டு குறிகள். நீண்ட அறிவிப்புகளை இரண்டு மூன்றாக உடைத்து அனுப்புங்கள்.

எதிர்த்திசையில், வரும் பதிலில் ஒரு தமிழ்ப் பெயருக்கு நடுவே கேள்விக்குறிக் கட்டம் தெரிந்தால், துண்டுகளைத் தனித்தனியே எழுத்தாக மாற்றியிருக்கிறீர்கள். மூன்று பைட் எழுத்து ஒன்று இரண்டு துண்டுகளுக்கு நடுவில் உடைந்திருக்கும். எல்லாத் துண்டுகளின் பைட்டுகளையும் ஒட்டிய பிறகே மாற்ற வேண்டும். பதிலில் § குறியும் அதையடுத்து ஓர் எழுத்தும் ஆங்காங்கே வந்தால் அது நிறக்குறி. இரண்டையும் சேர்த்து நீக்கிவிடலாம்.

## அறிகுறி 9: தனியாக ஓட்டினால் சரி, பாட்டுக்குள் வைத்தால் உடைகிறது

'சிக்னல் ஒன்லி வொர்க்ஸ் இன் மெயின் திரெட்' என்ற பிழை என்றால், உங்கள் பைத்தான் லைப்ரரி காலாவதியை அளக்க இயங்குதளத்தின் அலாரத்தைப் பயன்படுத்துகிறது. முதன்மைத் திரெட்டுக்கு வெளியே அது இயங்காது. சாக்கெட்டின் சொந்தக் காலாவதியைப் பயன்படுத்தும் லைப்ரரிக்கு மாறுவதே தீர்வு. பிழை இல்லாமல் பாட் மட்டும் சில நொடிகள் உறைந்து, டிஸ்கார்டிலிருந்து அறுந்துபோனால், பதில் வரும் வரை காத்திருக்கும் வகை லைப்ரரியை ஒத்திசைவற்ற (காத்திருக்காமல் பல வேலைகளை மாறி மாறிக் கவனிக்கும்) நிரலுக்குள் நேரடியாக அழைத்திருக்கிறீர்கள். அதைத் தனித் திரெட்டுக்கு அனுப்புங்கள், அல்லது 'அசிங்க்ஐஓ' ஆதரவுள்ள லைப்ரரியை எடுங்கள்.

## அறிகுறி 10: சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு முதல் கட்டளை தோற்கிறது

நடுவில் உள்ள ரவுட்டர், பேச்சில்லாத இணைப்பை மறந்துவிட்டது. எப்போதாவது கட்டளை அனுப்பும் நிரல் என்றால், ஒவ்வொரு முறையும் இணைத்து, அனுப்பி, மூடிவிடுவதே எளிது. சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்கும் நிரலுக்கு அது பொருந்தாது. ஒவ்வோர் இணைப்புக்கும் மைன்கிராஃப்ட் பதிவில் தொடங்கியது, முடிந்தது என இரண்டு வரிகள் எழுதுவதால், ஒரு வாரத்தில் பதிவுக் கோப்பில் வேறெதையும் தேடவே முடியாது. 'ஸ்டாப்' கட்டளைக்குப் பிறகு வரும் துண்டிப்பைத் தோல்வியாக எண்ண வேண்டாம். சர்வர் சொன்னபடி நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

## அறிகுறி 11: நீங்கள் அனுப்பாத கட்டளைகள் பதிவில் தெரிகின்றன

இதில் சோதனை எதுவும் வேண்டாம். அறிமுகமில்லாத முகவரியிலிருந்து ஆர்கான் இணைப்பு ஏற்பட்டதாகவோ, யாருக்கோ நிர்வாகி உரிமை தரப்பட்டதாகவோ பதிவில் கண்டால், சர்வரை உடனே நிறுத்தி, நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, பதிவுக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். ஆர்கான் மட்டும் கசிந்ததா, பிளக்இன் வழியாகக் கணினிக்குள்ளும் நுழைந்தார்களா என்பதைத் தீர்மானிப்பது நம்மைப் போன்றவர்களின் வேலை அல்ல. வாடகை சர்வர் என்றால் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவையும், சொந்தக் கணினி என்றால் கணினிப் பாதுகாப்பு தெரிந்த நிர்வாகி ஒருவரையும் அழையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அதே கணினியில் சர்வரை மறுபடி தொடங்காதீர்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை அது அணைந்தே இருக்கட்டும்.